பெரிய வாரமும் வியாகுலப் பிரசங்கமும்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஈழத்துத் தமிழ் உரைநடையின் வரலாற்றைப் பேசப் புகுவோர் ஆறுமுக நாவலரை (1822–1879) முன்னிறுத்தித் தொடங்குவது நெடுநாளைய வழக்கம். நாவலர் பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்ட ஒருவர் இத்தீவிலிருந்து எழுதிய உரைநடை நூலொன்று, எழுத்தறியாத மக்களின் செவிகளைத் தலைமுறை தலைமுறையாகச் சென்றடைந்து வந்துள்ளது. யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகள் (1676–1742) இயற்றிய வியாகுலப் பிரசங்கமே அந்நூல். யேசுவின் பாடுகளைப் பொருளாகக் கொண்ட இப்பிரசங்கங்கள் தபசுகாலத்திலும், சிறப்பாகப் பெரிய வாரம் என வழங்கும் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாள்களிலும், கத்தோலிக்கக் கோயில்களிலும் வீடுகளிலும் இராகத்தோடு வாசிக்கப்பட்டன. வாசிப்பவர் ஒருவர், கேட்டு அழுபவர் ஊரார்.

இந்நூல் திறனாய்வாளரின் கவனத்தை உரிய அளவிற் பெறாமைக்குக் காரணம் எளிது. பக்தர்களுக்கு அது செபம். செபத்தை எவரும் விமரிசிப்பதில்லை. பண்டிதர்களுக்கு அது பாதிரியாரின் தமிழ். முற்போக்கு முகாமைச் சேர்ந்த நமக்கோ அது மதப்பிரசாரம். இம்மூன்றாவது தவறு நம்முடையதாகலின் அதனை முதலில் ஒப்புக்கொள்ளுதல் முறை. மதம் பற்றி 1844 இல் மார்க்சு எழுதியவற்றுள் அபின் என்ற உவமையை மட்டும் பற்றிக்கொண்டு, அதற்கு முன்னே அவர் மதத்தைத் துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரத்துக்கு எதிரான குரலாகவும் ஒருங்கே கண்டதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள் முதலிய கத்தோலிக்க நாட்டுக்கூத்துகளைப் பதிப்பித்தபோது, கூத்து இலக்கியமாயிற்று. ஆடல் இல்லாத, மேடை இல்லாத, முழந்தாளில் நின்று கேட்கப்பட்ட புலம்பலுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

இந்நூல் தோன்றிய சூழலைச் சிறிது நோக்குவோம். 1658 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிப் போர்த்துக்கேயர் ஆட்சிக்கு முடிவுகட்டினர். அவ்வாண்டிலேயே கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடமளிப்போருக்கு மரணதண்டனை என்ற கட்டளையும் பிறந்தது. கரையோரத்துக் கத்தோலிக்கர் குருவானவரின்றியே வாழ நேர்ந்தது. கோவாவிலிருந்து 1687 இல் மாறுவேடத்தில் வந்த யோசவ் வாஸ் அடிகள் 1692 இல் கண்டிக்குச் சென்றபோது, போர்த்துக்கேய உளவாளியெனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்று, 1711 இல் இறக்கும்வரை கண்டியையே தமது நிலைக்களமாகக் கொண்டார். பெளத்த மன்னன் ஒருவன் கத்தோலிக்கக் குருவுக்கு இடமளித்ததை அவனது பெருந்தன்மையாக மட்டும் கொள்ளுதல் போதாது. 1697 அளவில் அம்மை நோய் பரவியபோது வாஸ் அடிகள் ஆற்றிய பணிக்கு மன்னன் மதிப்பளித்தான் என்பது உண்மையே. எனினும் கரையோரத் துறைமுகங்களை ஒல்லாந்தர் வைத்திருந்த நிலையில், அவர்களால் விரட்டப்பட்டோரைக் காப்பது அரசியலளவிலும் கண்டிக்குக் கேடு தருவதன்று. 1705 இல் வந்துசேர்ந்த கொன்சால்வேஸ் இந்தச் சிறு இடைவெளியிலேதான் சிங்களத்திலும் தமிழிலும் நூல்களை எழுதிக் குவித்தார். அவர் மறைந்த சில ஆண்டுகளுள் கண்டி அரசும் குருமாரை வெளியேற்றியது.

எனவே வியாகுலப் பிரசங்கம் குருவானவர் இல்லாத சபைக்காக எழுதப்பட்டது என்பதே நமது வாதத்தின் தொடக்கம். அவர் அருகிலில்லாத பெரிய வெள்ளியன்று, ஊர் மூப்பரோ அண்ணாவியோ ஏட்டை விரித்து வாசித்தால் அந்நாள் அனுட்டிக்கப்பட்டதாகும். அச்சியந்திரம் கைக்கெட்டாத சபைக்கு ஓலையும் மனனமுமே ஊடகங்கள். இராகத்துக்கு இசையும் நீண்ட வாக்கியங்கள், அடுக்கி வரும் விளிகள், திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் ஆகியன ஆசிரியரின் நடைவிருப்பத்தால் மட்டும் அமைந்தவையல்ல. அந்த உற்பத்திச் சூழலின் தேவைகளுமாம். இதே காலத்தவரான வீரமாமுனிவரும் (1680–1747) தேவமாதாவின் புலம்பலைப் பாடியுள்ளார். அன்னை அழுங்கல் அந்தாதி என்ற பெயரே அதன் யாப்பையும் வாசகரையும் சொல்லிவிடும். அந்தாதியைச் சுவைக்கப் புலமை வேண்டும். பிரசங்கத்தைக் கேட்க, மகனைப் பறிகொடுத்த தாய் எப்படி அழுவாள் என்பது தெரிந்தால் போதும். இருவரும் சமகாலத்து ஐரோப்பிய–கோவைக் குருத்துவக் கல்வியின் வழிவந்தவர்களே. வேறுபாடு தனிமனித ஆற்றலிலன்று, அவரவர் முன்னிருந்த கூட்டத்தில் உள்ளது.

சுவிசேடங்கள் நான்கிலும் பாடுகளின் வரலாற்றில் மரியாள் வாய் திறப்பதில்லை. யோவான் சுவிசேடத்தில் அவள் சிலுவையடியில் நிற்கிறாள், அவ்வளவே. திருச்சபையின் உத்தியோகபூர்வ வழிபாடும் அந்த மெளனத்தையே பேணியது. மெளனமாக நின்ற பெண்ணுக்கு வாய் தந்தவை உலகெங்கும் மக்கள் மரபிலெழுந்த புலம்பல்களே. கிரேக்க ஒப்பாரி மரபை ஆராய்ந்து 1974 இல் மார்கரெட் அலெக்சியூ வெளியிட்ட நூல், பண்டைய இறுதிச்சடங்குப் புலம்பல் கிறித்தவக் கன்னிமரியின் புலம்பலோடு கொண்ட உறவை விரிவாகக் காட்டுகிறது. கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் ஆசானாகிய ஜோர்ஜ் தொம்சன் வகுத்த ஆய்வுநெறிக்கு அந்நூல் அண்மையது. தமிழில் இவ்வுறவு இன்னும் வெளிப்படையானது. சாவீட்டு ஒப்பாரியின் விளிகளும், வளர்த்த அருமையை எண்ணிச் சொல்லும் முறையும் அறிந்த பெண், சிலுவையடியில் நிற்கும் தாயின் புலம்பலைக் கேட்கையில் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை.

இக்குரல் கண்டியைச் சூழ்ந்த மலைகளில் இரண்டாவது வாழ்வொன்றைப் பெற்றது. 19 ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867 இல் லூல்கந்துரையில் யேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரிடையே கத்தோலிக்கரும் இருந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்த அப்பயணத்தில் மாண்டோர் பலர். 1880 களில் கண்டி தனி மறைமாவட்டமாகியது. நகரில் புனித அந்தோனியார் பேராலயம் உண்டு. அம்பிட்டியவில் 1893 முதல் குருமடமும் இருந்தது. ஆயினும் மலைமேலிருந்த லயங்களுக்கு அவை எட்டாத் தொலைவு. தோட்டக் கோயிலுக்குக் குருவானவர் வருவது ஆடிக்கொருமுறை ஆவணிக்கொருமுறை. எனவே பெரிய வெள்ளி மீண்டும் உபதேசியாரின் பொறுப்பாயிற்று. ஒல்லாந்தரின் கட்டளை உண்டாக்கிய அதே வெறுமையைத் தோட்ட முறையும் வேறு வழியால் உண்டாக்கிற்று எனலாம்.

இங்கேதான் நமது ஆய்வுக்கு மையமான ஓர் ஒப்பீடு எழுகிறது. தபசுகாலம் வரும் அதே பருவத்தில், மாசி மாதத்தில், அதே லயங்களின் முற்றத்தில் காமன் கூத்து நிகழும். சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிக்கப்படுகிறான், ரதி புலம்புகிறாள், எரிந்தவன் மீண்டும் உயிர்ப்பிக்கப்படுகிறான். சாவு, பெண்ணின் புலம்பல், உயிர்ப்பு என்ற இவ்வமைப்பு பெரிய வாரத்தின் அமைப்பேயாம். இந்து அயலவர் வீட்டுக் கூத்தைக் கத்தோலிக்கத் தொழிலாளி கண்டிராதிருக்க முடியாது. இரு புலம்பல்களும் பிரியும் இடமே முக்கியமானது. ரதி தன் கணவனை எரித்தவனை நோக்கிக் கேட்கிறாள். எரித்தவன் கடவுள் என்பது அவளைத் தடுப்பதில்லை. வியாகுலப் பிரசங்கத்தின் தாயோ கொன்றவரைக் கேட்கத் தொடங்கி, விரைவிலேயே கேட்போரை நோக்கித் திருப்பப்படுகிறாள். மகனை அறைந்தது கேட்பவனின் பாவமே என்பதே பிரசங்கத்தின் முடிபு. பேரட்டுக் களத்தில் பெயர் குறைத்து அரைநாட் கூலி போட்டவரைக் கேட்க முடியாதவன், தன் நெஞ்சிலேயே அறைந்துகொள்கிறான். குற்றஞ்சாட்டும் குரலாகப் பிறந்த ஒப்பாரி, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலாக மாற்றப்படுகிறது. நூலின் கருத்தியல் வேலை இதுவென நாம் துணிந்து கூறுவோம். எஞ்சிய கோபம் யூதர்மீது பாய்வது அக்காலத்துப் பாடு பற்றிய நூல்களுக்குப் பொதுவான குறை. அந்த நோக்கைத் திருச்சபையே 1965 இல் கைவிட்டது.

ஆனால் எழுதியவரின் நோக்கம் வேறு, கேட்டவரின் பயன் வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஹந்தானை மலைப்புறத்துத் தோட்டமொன்றின் சிறு கோயிலில் நாம் பெரிய வெள்ளியைக் கழித்தோம். அங்குள்ள வாசிப்பாளர் தமது தகப்பனார் எழுதிய பழைய கொப்பியொன்றைக் காட்டினார். வியாகுலப் பிரசங்கத்தின் பகுதிகளுக்கிடையே, எந்த நூலிலிருந்தும் வராத சாவீட்டு ஒப்பாரி வரிகள் கலந்து எழுதப்பட்டிருந்தன. இவ்வாறு கலந்த இடங்கள் எவை என்று பார்த்தோம். கேட்பவரின் பாவத்தைப் பேசும் பகுதிகள் சுருக்கப்பட்டும், தாய் மகனை வளர்த்த வரலாறும் அவன் ஊரூராக அலைந்த வரலாறும் நீட்டப்பட்டும் இருந்தன. கடைசிப் பக்கங்களில் கொழுந்து நிறுத்த கணக்கு. ஒரு கொப்பியைக் கொண்டு ஒரு பிரதேசத்தின் இலக்கிய வரலாற்றை எழுதுதல் ஆய்வு நெறியாகாது. எனினும் எந்த வரியை விடுவது, எதனை நீட்டுவது என்று தீர்மானித்த அந்தக் கையும் ஒரு திறனாய்வாளனின் கையே என்பதை மறுக்க இயலாது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களோடு இத்தகைய கொப்பிகளும் வைத்து நோக்கப்படல் வேண்டும்.

ஒன்றை இங்கே சொல்லாமல் விடலாகாது. ரதி வேடத்தைக் கட்டுபவன் ஆண். மரியாளின் புலம்பலை வாசிப்பவரும் ஆண். உண்மையான ஒப்பாரிக்காரியாகிய பெண் சாவீட்டில் மட்டுமே தன் குரலில் அழ உரிமையுடையவள். பெரிய வியாழனன்று குருவானவர் பாதங்கழுவும் சடங்கிலும் பன்னிரு ஆண்களின் பாதங்களே விதியாயிருந்தன. 2016 இல் தான் பெண்களும் அவ்விதியுள் அனுமதிக்கப்பட்டனர். அட்டைக்கடியோடு மலையேறும் பாதங்களில் பெரும்பாலானவை பெண்களுடையவை என்பதை நினைத்தால், அது எவ்வளவு பிந்திய அனுமதி என்பது விளங்கும்.

வாசிப்பு மரபு நலிந்தமைக்குப் பக்தி குறைந்தமையே காரணம் என்பார் உளர். நமக்கு அது உடன்பாடன்று. 1955 ஆம் ஆண்டு வரை பெரிய வெள்ளிக்குரிய இலத்தீன் வழிபாடு காலையிலேயே முடிந்துவிடும்; பிற்பகலும் இரவும் மக்களுக்குரியன. சிலுவைப்பாதையும் வியாகுலப் பிரசங்கமும் அந்த நேரத்திலேயே வளர்ந்தன. பன்னிரண்டாம் பத்திநாதர் 1955 இல் செய்து 1956 இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், வழிபாட்டைப் பிற்பகல் மூன்று மணிக்கு மாற்றிற்று. அடுத்து, 1963 ஆம் ஆண்டின் வத்திக்கான் சங்க ஏற்பாட்டால் வழிபாடு தாய்மொழிக்கு வந்தது. முன்னது மக்களின் நேரத்தையும் பின்னது மக்கள் புலம்பலின் மொழித் தேவையையும் எடுத்துக்கொண்டன. இலத்தீனுக்கு அருகே தமிழ் பேசியதால் வாழ்ந்த நூல், இலத்தீன் தமிழானபோது வேலையிழந்தது. தாய்மொழி வழிபாட்டை நாம் குறைகூறவில்லை. அது மக்கள் உரிமை. ஆனால் மொழிபெயர்த்த வழிபாட்டில் மரியாள் மீண்டும் மெளனமானாள் என்பதையும் குறிக்க வேண்டும்.

அதே 1956 இலேயே தனிச்சிங்களச் சட்டமும் வந்தமை தற்செயலே. கண்டி நகரப் பங்குகளில் சிங்கள வழிபாடு ஒரு நேரத்திலும் தமிழ் வழிபாடு வேறொரு நேரத்திலும் நிகழ்கின்றன. சிங்களக் கத்தோலிக்கர் பசன் எனப் பாடுவதற்கும் தமிழர் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பதற்கும் ஆசிரியர் ஒருவரே என்பதை இரு சாராரிலும் அறிந்தோர் சிலரே. மாத்தளைப் பக்கத்து வஹாகோட்டையிற் சிங்களத்திலும், பல மைல் தொலைவிலுள்ள தோட்டத்திலே தமிழிலும் ஒரே கைவழி வந்த புலம்பல் கேட்கும் நாட்டில், இரண்டையும் அருகருகே வைத்து ஆராயும் முயற்சி பல்கலைக்கழகத்துக்கே உரிய பணியாகும். பேராதனையிலிருந்து இரண்டும் கூப்பிடு தூரமே.

நாம் சென்ற தோட்டக் கோயிலில், குருவானவர் மூன்று மணி வழிபாட்டை நன்றாகவே நிகழ்த்தினார். சிலுவை முத்தி முடிந்ததும், அடுத்த தோட்டத்தில் மக்கள் காத்திருப்பதாகக் கூறி வானில் ஏறிச் சென்றார். எவரும் வீடு திரும்பவில்லை. மணி ஒலிக்காத நாளாதலால் சிறுவன் ஒருவன் மரக்கட்டையைத் தட்டினான். வாசிப்பாளர் கொப்பியை எடுத்தார். தாயின் புலம்பல் தொடங்கிச் சில வரிகளுக்குள், பின்வரிசையிலிருந்த முதிய பெண்ணொருத்தி அவரை முந்திக்கொண்டு தன் இராகத்தில் இழுத்தாள். வாசிப்பாளர் நிறுத்தினார். அவள் முடிக்கும்வரை கொப்பியின் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.