கள்வன் என்ற சொல்லும் புகாரின் மன்றங்களும்

சட்டத்துக்கு மாறான நிலையைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் பல. இல்லீகல், அன்லாஃபுல், இல்லிசிட், இல்லெஜிட்டிமேட் என்னும் நான்கு அவற்றுள் முதன்மையானவை. நம் செய்தித்தாள்களும் அலுவலக மொழிபெயர்ப்புகளும் முதல் மூன்றையும் பெரும்பாலும் 'சட்டவிரோதம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. நான்காவதற்கு நாம் வைத்திருக்கும் சொற்கள் நாவினால் கூறத் தகாதவை. ஆயினும் அவற்றுள் ஒன்று நம் திருமறையிலேயே அச்சேறி நிற்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

அன்லாஃபுல் என்பது ஆங்கிலத்தின் பழைய சொல்; ஏனைய மூன்றும் இலத்தீன் வழி வந்தவை. 1611-ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருமறையில் அன்லாஃபுல் உண்டு, இல்லீகல் இல்லை. இல்லீகல் என்பது எழுதப்பட்ட சட்டத்தோடு ஒட்டியே வாழும் சொல். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் அதற்கு மூன்று எல்லைகளை வகுத்தது: குற்றமாவது, சட்டம் விலக்கியது, உரிமை வழக்குக்கு இடந்தருவது. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக நடைமுறையில் உள்ள புதிய சட்டமும் இவ்விளக்கத்தைக் கைவிடவில்லை. ஆனால் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், எந்த நோக்கம் 'லாஃபுல்' அன்று என்று வரையறுக்கும்போது, சட்டம் விலக்கியவற்றோடு நிற்காமல், ஒழுக்கக்கேடானது என்று நீதிமன்றம் கருதுவதையும் அதற்குள் சேர்த்துக்கொண்டது. ஆகவே அன்லாஃபுல் என்னும் சொல்லில் 'லா' என்பது ஏட்டுச் சட்டத்தினும் அகன்றது. நம் முன்னோர் நெறி என்றும் முறை என்றும் கூறியதற்கு அணித்தானது. இல்லிசிட் என்பதோ அனுமதி பெறாதது, மறைவில் நடப்பது என்ற பொருளுடையது. ரோமப் பேரரசில் நம் ஆதித் திருச்சபை அத்தகைய அனுமதியற்ற கூட்டமாகவே இருந்தது என்பதை மாணவர் மறத்தலாகாது.

இவ்வேறுபாடுகள் ஆங்கிலேயர் வந்து நமக்குக் கற்பித்தவை என்று எண்ணுவோர் சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையை நோக்குவாராக. புகார் நகரின் ஐந்து மன்றங்களை இளங்கோவடிகள் அங்கே காட்டுகிறார். அவற்றுள் மூன்று நம் ஆய்வுக்கு உரியவை. வெள்ளிடை மன்றம் களவு செய்தவனின் தலையில் அவன் திருடிய பொதியையே ஏற்றிக் கழுத்து நோகச் சுற்றவைக்கும். இது கண்கூடான குற்றத்துக்குரிய இடம். பூதசதுக்கத்தின் பூதம் பொய்த் தவத்தோர், கரந்து தீயொழுக்கம் ஒழுகும் பெண்டிர், அரசனுக்கு வஞ்சனை செய்யும் அமைச்சர், பிறர்மனை விழைவோர், பொய்ச்சான்று கூறுவோர், புறங்கூறுவோர் ஆகியோரைப் புடைத்து உண்ணும். இவ்வறுவரும் மறைவில் தவறுபவர். இவருட் பலர் எந்த அறங்கூறவையின் கைக்கும் எட்டாதவர். மூன்றாவது பாவை மன்றம். அரசன் செங்கோல் வளையினும், நீதி கூறும் அவை நூலையே திரித்து ஒருபக்கம் சாயினும், அங்குள்ள பாவை வாய் திறவாது கண்ணீர் சொரியும். சட்டமே நெறி பிறழும் நிலைக்குத் தனியாக ஒரு மன்றம் வைத்த கற்பனை வியக்கத்தக்கது. பூம்புகாரில் 1973-ல் எழுந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் காணச் செல்வோர் சிற்பங்களை நோக்குமளவு இப்பாவையை எண்ணுவதில்லை என்றே தோன்றுகிறது.

புகாரில் அழுத பாவை மதுரையில் இல்லை. கோவலன் கொலையுண்டது அங்கேதான். அக்கொலையை ஊழ்வினையென்று கூறி முடிப்பது உரைமரபு. காப்பியமும் அதற்கு இடந்தருகிறது. எனினும் ஊழ் எந்த வழியாக வந்தது என்று கேட்பது திறனாய்வின் கடமை. அது ஒரு சொல்லின் வழியாக வந்தது. 'கள்வன்' என்பது அச்சொல். கோவலனைக் கண்ட காவலர், இவன் முகம் கள்வன் முகமன்று என்று தயங்குகின்றனர். உண்மைக் கள்வனாகிய பொற்கொல்லனோ களவு நூலை எடுத்தோதி, கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று வகைபடப் பேசி, தயக்கத்தை நீக்குகிறான். நூலறிவு கொலைக்குத் துணைநின்ற இடம் இது. பின்னர்க் கண்ணகி அரசன் முன் நிற்கையில், கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என்பதே பாண்டியனின் முதல் விடை. சட்டத்தின் அளவில் அவ்விடையில் பிழை இல்லை; கண்ணகியும் அச்சட்டத்தோடு வாதாடவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்பின் பரல் முத்து. சிலம்பு உடைகிறது. சொல் கோவலனை விட்டு நீங்குகிறது. நீங்கிய சொல்லைப் பாண்டியன் தன்மேல் ஏற்றுக்கொண்டு, கள்வன் தானே என்று கூறி வீழ்கிறான். அரசாணையின்படி நடந்தமையால் அக்கொலையை இல்லீகல் என்று கூறுவது அரிது. ஆனால் அன்லாஃபுல் என்பதற்கு அதனினும் தெளிந்த சான்று நம் இலக்கியத்தில் வேறில்லை.

கள்வன் என்னும் சொல்லின் வேர் நம்மிடையே இன்றும் கிளைத்து நிற்கிறது. ஆங்கிலத்தின் இல்லிசிட் வருமிடங்களில் தமிழ் மக்கள் 'கள்ள' என்ற அடையையே இயல்பாக இடுகின்றனர்: கள்ளச்சாராயம், கள்ளச்சந்தை. பொருளுக்கும் செயலுக்கும் இட்ட அடை மனிதர்க்கும் தாவியது. காவிரி நாட்டிலிருந்தும் அண்டை மாவட்டங்களிலிருந்தும் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோரின் வழிவந்தவர்கள் 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். ஆங்கிலத்தில் அவர்களுட் பலரை 'இல்லிசிட் இமிகிரன்ட்' என்றனர். தெருவில் 'கள்ளத்தோணி' என்றனர். அனுமதிச்சீட்டோடு கங்காணியின் பின்சென்றவனின் பேரனும் அப்பெயரைச் சுமந்தான். இப்பக்கத்திலும் நிலைமை மேம்பட்டதன்று. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் 'இல்லீகல் மைகிரன்ட்' என்ற தொடரைப் புகுத்தியது. 1860-ல் செயலுக்கு அடையாயிருந்த சொல் ஈண்டு ஆளுக்கு அடையாயிற்று. 2004 டிசம்பருக்குப் பின் தமிழ்நாட்டு முகாமொன்றில் பிறந்த ஈழத்துக் குழந்தை, பெற்றோரில் ஒருவர் அவ்வாறு குறிக்கப்பட்டவராயின், பிறப்பால் குடியுரிமை பெறுவதில்லை. பெற்றோரின் பெயர்ச்சொல் பிள்ளைக்கு உடைமையாகிறது.

இனி நம் திருமறைக்கு வருவோம். புகாருக்குத் தெற்கே அதே கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியில் 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. அதனைப் பெயர்த்த சீகன்பால்கு, டேனிய மன்னரின் ஆணையோடு வந்திருந்தும் அவ்வூர் ஆளுநரால் 1708-ல் சிறையிடப்பட்டு நான்கு மாதம் அடைபட்டிருந்தவர். அதிகாரமுடையோர் செய்வது எப்போதும் முறையாகாது என்பதை அவருக்கு அகராதி கற்பிக்க வேண்டியிருந்திராது.

நம் சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு இவ்வகைச் சொற்களை நுட்பமாகவே கையாண்டுள்ளது எனலாம். ஆங்கிலத் திருமறை 'லாஃபுல்' என்று கூறுமிடங்களில் கிரேக்கத்தில் பெரும்பாலும் ஒரே வினையே உள்ளது. தமிழோ ஓய்வுநாளில் கதிர் கொய்ததைச் 'செய்யத்தகாதது' என்கிறது. அந்நாளில் நன்மை செய்வதை 'நியாயம்' என்கிறது. மரண ஆக்கினை பற்றி யூதர் பிலாத்துவிடம் பேசும்போது 'அதிகாரம்' என்கிறது. தகுதி, நியாயம், அதிகாரம் என இடமறிந்து பிரித்தது பாராட்டத்தக்கது. 'அனோமியா'வுக்குப் பல இடங்களில் 'அக்கிரமம்' என்று பெயர்த்ததும் பொருத்தமே. கிரமம் அற்றது அக்கிரமம்; நோமொஸ் அற்றது அனோமியா. இன்று விலைவாசியையும் அக்கிரமம் என்று கூறிக் கூறி அச்சொல்லைத் தேய்த்துவிட்டோம் என்பது வேறு செய்தி. லூக்கா 22:37-ல் ஆண்டவர் அக்கிரமக்காரருள் ஒருவராக எண்ணப்படுகிறார். அவரும் ஒரு சொல்லை அணிவிக்கப்பட்டே மரத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். இவ்விடத்தை விளக்கும் ஆயர், புகார் வணிகனின் கதையை அறிந்த சபையாரிடம் பேசுகிறோம் என்பதை நினைவிற்கொள்ளலாம்.

ஆனால் எபிரெயர் 12:8-ல் மொழிபெயர்ப்பு இடறுகிறது. கிரேக்கச் சொல் முறைப்படியான மகவுரிமை இல்லாத பிள்ளையைக் குறிப்பது. 1946-ல் வெளிவந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாடு இல்லெஜிட்டிமேட் என்றது. தமிழோ 'வேசியின் பிள்ளைகள்' என்கிறது. மூலத்தில் இல்லாத ஒரு தாயை உண்டாக்கி, அவளைப் பழித்து, அப்பழியைப் பிள்ளையின்மேல் ஏற்றுகிறது. சபையில் இதனை உரத்து வாசிக்கும்போது, தந்தை பெயரின்றி ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதப்பட்ட பிள்ளையும் அதனைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறது.

புகார்க் கணிகை மாதவி இதனினும் நன்கு பேசத் தெரிந்தவள். கோவலனுக்குத் தான் பெற்ற மணிமேகலையை, மணிமேகலைக் காப்பியத்தில், மாபெரும் பத்தினியாகிய கண்ணகியின் மகள் என்றே கூறுகிறாள். அதே நூலில் ஆபுத்திரன், தாயின் தவறான ஒழுக்கத்தில் பிறந்தவன் என்று இழிக்கப்பட்டபோது, அந்தணர் போற்றும் முனிவர் சிலரின் பிறப்பை எடுத்துக்காட்டி நகைக்கிறான். பசித்தோர்க்கெல்லாம் சோறளிக்கும் அமுதசுரபி அவன் கைக்கே வந்தது. நாட்டின் சட்டமும் இப்போது அத்திசையில் நடக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு செல்லாத மணத்தில் பிறந்தோரையும் சட்டமுறையான பிள்ளைகளாகக் கொள்கிறது; பெற்றோரின் பங்கில் அவர்க்கு உரிமையுண்டு என்று உச்சநீதிமன்றம் 2023-ல் தீர்த்தது.

திருத்தக் குழுவினர் கூடும்வரை ஆயர்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. 'மகவுரிமை இல்லாதவர்கள்' என்று வாசித்தால் மூலத்துக்கும் குறைவில்லை, கேட்போர்க்கும் புண்ணில்லை. அடுத்த வசனம் தகப்பன்மாரைப் பற்றியே பேசுகிறது; தாயைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.