தகுதிச்சுற்றும் தகாத ஆட்டமும்

இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஆகஸ்ட் மாதம். ஏதோ ஒரு சிற்றூரின் மைதானம். நூறு, இருநூறு பேர் நின்று பார்க்கிறார்கள். வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்துப் பிழைக்கிறவர்கள் சனிக்கிழமை காலணி மாட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். தோற்றால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். ஜெயித்தால் அடுத்த சுற்று. தொடக்கநிலைச் சுற்றுகளையும் நான்கு தகுதிச்சுற்றுகளையும் தாண்டினால் நவம்பரில் பிரதான முதல் சுற்று வரும். ஜனவரியில் மூன்றாம் சுற்று. அங்கேதான் பெரிய கிளப்புகள் வந்து சேரும். எழுநூறுக்கும் மேற்பட்ட கிளப்புகள் பதிவு செய்யும் இந்தப் போட்டியில் யார் வேண்டுமானாலும் வெம்ப்லி வரை போகலாம் என்பதே கதையின் சாரம்.

இந்தக் கதையில் எனக்கும் மயக்கம் உண்டு. சின்ன ஊர் பெரிய ஊரைக் கவிழ்ப்பதைப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் ‘யார் வேண்டுமானாலும்’ என்று சொல்லும்போது அந்த ‘யார்’ எவர் என்பதைக் கேட்காமல் இதை ரசிக்க முடியவில்லை. 2020 நவம்பருக்குப் பிறகு கொஞ்சமும் முடியவில்லை.

அந்த மாதம் 5ஆம் தேதி இங்கிலாந்தில் கொரோனாவுக்கான இரண்டாவது ஊரடங்கு தொடங்கியது. ‘உயர்நிலை’ விளையாட்டு மட்டும் தொடரலாம் என்றது அரசு. அதே வாரக் கடைசியில் ஆண்கள் கோப்பையின் பிரதான முதல் சுற்று தடையின்றி நடந்தது. பெண்கள் கோப்பையின் தகுதிச்சுற்றுகள் ‘உயர்நிலை அல்லாதவை’ என்று நிறுத்தப்பட்டன.

ஆண்கள் பிரதான சுற்றுக்கு வந்துவிட்டார்கள், பெண்கள் இன்னும் தகுதிச்சுற்றில்தானே இருந்தார்கள், இதில் ஓரவஞ்சனை எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் அந்தச் சுற்றில் ஆடிய ஆண்களிடம் இருக்கிறது. லிவர்பூலுக்குப் பக்கத்தில் கிராஸ்பி என்ற ஊரின் மரீன் கிளப் எட்டாம் படிநிலை லீக்கில் இருந்தது. கால்பந்தை மட்டும் நம்பிப் பிழைக்கிறவர்கள் அல்ல அதன் ஆட்டக்காரர்கள். அவர்கள் ‘உயர்நிலை’ ஆனார்கள். பெண்கள் கால்பந்தின் மூன்றாம் படிநிலையில் ஆடுகிறவர்கள் ஆகவில்லை. ஆணுக்கு, அவன் எந்தப் போட்டியில் நிற்கிறான் என்பதை வைத்து அளவு. பெண்ணுக்கு, அவள் யார் என்பதை வைத்து அளவு. அளவுகோலே இரண்டு.

2021 ஜனவரி 10 அன்று மரீன் தன் சொந்த மைதானத்தில் டாட்டன்ஹாமை எதிர்கொண்டது. 0-5 என்று தோற்றது. உள்ளே போய்ப் பார்க்க முடியாத அந்த ஆட்டத்துக்கு 30,000க்கும் மேற்பட்ட இணையவழிச் சீட்டுகள் விற்றன. கோப்பையின் மாயம் என்று ஊடகங்கள் உருகின. அந்த ஜனவரியில் பெண்கள் கோப்பை அதே காரணத்துக்காக மறுபடியும் நிறுத்தப்பட்டிருந்தது. மரீன் மேல் எனக்குப் பொறாமை இல்லை. அதே உருக்கத்தில் ஒரு துளியாவது இந்தப் பக்கம் சிந்தவில்லையே என்பதுதான் ஆதங்கம்.

தமிழில் இதைத் ‘தகுதிச்சுற்று’ என்கிறோம். தகுதி, தகாது இரண்டும் ஒரே வேர். 1921 டிசம்பர் 5 அன்று ஆங்கிலக் கால்பந்துச் சங்கம் போட்ட தீர்மானம், இந்த ஆட்டம் பெண்களுக்குத் தகாதது என்றது. தன் உறுப்பினர் கிளப்புகள் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்று கட்டளையிட்டது. அதற்குச் சுமார் ஓராண்டு முன்பு, 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூலின் குடிசன் பார்க்கில் பிரெஸ்டன் தொழிற்சாலைப் பெண்களின் டிக் கெர் அணி ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்திருந்தார்கள். இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போனார்கள். ஆக, ஆள் வராததால் மூடவில்லை. பந்தைப் பிடுங்கவுமில்லை, நிலத்தைப் பிடுங்கினார்கள். நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் தகுதியைத் தீர்மானிக்கிறார்கள் என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன?

அந்தத் தடை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. பெண்களின் முதல் கோப்பை 1970-71இல் நடந்தபோது 71 அணிகள் வந்தன. அதை நடத்தியது பெண்கள் கால்பந்துச் சங்கம். தடை போட்ட சங்கம் அந்தப் பொறுப்பை ஏற்றது 1993இல்தான்.

இன்றும் பெண்களின் தகுதிச்சுற்றுகள் ஞாயிற்றுக்கிழமை நடக்கின்றன. சனிக்கிழமை ஆண்களுக்கு. கீழ்நிலை லீக்குகளில் பல பெண்கள் ஆடுவதற்குக் கைக்காசு கட்டுகிறார்கள். இந்த நிலையில், ஜெயித்தால் கிடைக்கும் தொகை ஒரு அணிக்கு அந்த ஆண்டின் பயணச் செலவு. 2021 மே மாதம் கோப்பையை வென்ற லெஸ்டர் ஆண்கள் அணிக்கு 18 லட்சம் பவுண்டு. அதே பருவத்தின் பெண்கள் கோப்பையை வென்ற செல்சிக்கு 25,000. எழுபத்திரண்டில் ஒரு பங்கு. பிறகு எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன, தொகையும் உயர்ந்தது. பெண்கள் கோப்பையின் மொத்தப் பரிசு 2022-23இல் 30 லட்சம் பவுண்டு, அடுத்த பருவத்தில் 60 லட்சம். இது உண்மையான முன்னேற்றம், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கை எழுதுகிறவர்களும் வெம்ப்லியிலிருந்தே எண்ணத் தொடங்குகிறார்கள். அங்கே எத்தனை பேர் கூடினார்கள் என்பதுதான் பெண்கள் கால்பந்தின் வளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. முதல் தகுதிச்சுற்றில், ஒரு ஞாயிறு மதியம், முந்தின நாள் மிதிபட்ட சேற்றில் தோற்றுப்போன அணியிடம் யாரும் வளர்ச்சியைப் பற்றிக் கேட்பதில்லை.

இரண்டு முறை நிறுத்தப்பட்ட அந்த 2020-21 பருவக் கோப்பையின் இறுதியாட்டம் அடுத்த பருவத்துக்குள் தள்ளிப்போய், 2021 டிசம்பர் 5 அன்று நடந்தது. தடைத் தீர்மானத்துக்குச் சரியாக நூறு ஆண்டு. வெம்ப்லியில் 40,000க்கும் மேற்பட்டோர். செல்சி 3, ஆர்சனல் 0. நூற்றாண்டு நினைவுகூரப்பட்டது, நல்லதுதான். அன்றைக்குள் அடுத்த கோப்பையின் தகுதிச்சுற்றுகள் முடிந்து, தோற்றவர்கள் எப்போதோ வீடு திரும்பியிருந்தார்கள்.