தண்டர்பேர்ட் பாஸ்வேர்டு கேட்கிறதா? கொஞ்சம் பொறுங்கள்

தண்டர்பேர்ட் என்ற அஞ்சல் மென்பொருள் திடீரென்று பாஸ்வேர்டு கேட்கத் தொடங்கினால், பலரும் முதல் வேலையாக ஜிமெயிலுக்குள் போய்ப் பாஸ்வேர்டை மாற்றிவிடுகிறார்கள். அதோடு தொல்லை இரட்டிப்பாகிறது. பாஸ்வேர்டு மாறினால், வெளி மென்பொருள்கள் அஞ்சலைப் படிப்பதற்குக் கொடுத்திருந்த அனுமதிகளைக் கூகுள் ரத்து செய்துவிடும். அதுவரை வீட்டுக் கணினியில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, இனி அலுவலகக் கணினியிலும் கேட்கும்.

முதலில் பிரவுசரைத் திறந்து, அதே பாஸ்வேர்டில் வெப்மெயிலுக்குள் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் பாஸ்வேர்டு சரி. கோளாறு வேறெங்கோ இருக்கிறது. அது எங்கே என்று தண்டர்பேர்ட் சொல்லாது. உள்நுழையும் முறை காலாவதியாகியிருக்கலாம், சர்வர் பெயர் தவறாக இருக்கலாம், சர்வரே உங்கள் இணைப்பைத் தடுத்து வைத்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் அனேகமாக ஒரே அறிவிப்புதான்: 'லாகின் ஃபெயில்டு'. கீழே மூன்று பொத்தான்கள்: மறுபடி முயல, புதிய பாஸ்வேர்டு கொடுக்க, விட்டுவிட.

2004 டிசம்பரில் 1.0 பதிப்பு வந்த மென்பொருள் இது. இன்று மொசில்லா அறக்கட்டளையின் துணை நிறுவனம் ஒன்று இதைப் பராமரிக்கிறது. இலவசம்; விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2025 ஜூலையில் வந்த 140-ஆம் பதிப்பை விண்டோஸில் நிறுவி, ஜிமெயில், அவுட்லுக்.காம், ஜோஹோ, சொந்த டொமைன் என்று நாலுவகைக் கணக்குகளைச் சேர்த்து, வேண்டுமென்றே பாஸ்வேர்டுகளைக் கலைத்துப் பார்த்தேன். அஞ்சல் படிக்கவும் தேடவும் தண்டர்பேர்ட் எவ்வளவு வசதி என்பதை வேறொரு நாள் பேசலாம். இங்கே பாஸ்வேர்டு விவகாரம் மட்டும்.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் முதல் இடம், சேமித்த பாஸ்வேர்டை எங்கே திருத்துவது என்பது. இயல்பாக யாரும் 'அக்கவுன்ட் செட்டிங்ஸ்' பக்கத்துக்குத்தான் போவார்கள். அங்கே சர்வர் பெயர், போர்ட் எண், பயனர் பெயர் எல்லாம் இருக்கும். பாஸ்வேர்டுக்கு மட்டும் கட்டமே கிடையாது. அது 'செட்டிங்ஸ்' பக்கத்தில், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பிரிவில், 'சேவ்டு பாஸ்வேர்ட்ஸ்' என்ற பொத்தானுக்குப் பின்னால் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக இதை ஏன் இப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரியாத விஷயம்.

அந்தப் பட்டியலைத் திறந்தால் இன்னொன்றும் கண்ணில் படும். ஒரே கணக்குக்கு இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று அஞ்சலைப் பெறும் ஐமேப் சர்வருக்கு, மற்றது அனுப்பும் எஸ்எம்டிபி சர்வருக்கு. இரண்டும் தனித்தனி. 'மெயில் வருகிறது, ஆனால் அனுப்ப முடியவில்லை' என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம், ஒரு வரியில் புதிய பாஸ்வேர்டும் மற்றதில் பழையதும் இருப்பதுதான். போதாக்குறைக்கு, எஸ்எம்டிபி அமைப்புகள் கணக்கின் கீழ் வராமல், இடப்பக்கப் பட்டியலின் அடியில் தனியாகக் கிடக்கும். பல கணக்குகள் வைத்திருப்பவர்கள், ஒரு கணக்கின் அஞ்சல் இன்னொரு கணக்கின் சர்வர் வழியாகப் போகும்படி அமைந்திருக்கிறதா என்பதையும் அங்கே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய கணக்குகளில் அதிகம் தென்படும் கோளாறு வேறு. தனிநபர் ஜிமெயில் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து வெளி மென்பொருள்கள் நுழைவதைக் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. அவுட்லுக்.காம் 2024 செப்டம்பர் 16-இல் அதே வழிக்கு வந்தது. இப்போது வேண்டியது 'ஓ-ஆத்2' என்ற முறை. இதில் தண்டர்பேர்டிடம் பாஸ்வேர்டே இருக்காது. கூகுளின் சொந்த லாகின் பக்கம் ஒரு ஜன்னலாகத் திறக்கும். அங்கே நுழைந்து சம்மதம் சொன்னால், கூகுள் ஒரு நீளமான டோக்கனைக் கொடுக்கும். சேமித்த பட்டியலில் அதன்பின் இருப்பது அந்த டோக்கன்தான்.

ஜிமெயில் கணக்குகளை 2022 ஏப்ரலில் வந்த 91.8 பதிப்பு தானாகவே இந்த முறைக்கு மாற்றிக்கொடுத்தது. நல்ல காரியம். பழைய ஹாட்மெயில், அவுட்லுக் முகவரிகளை நாமேதான் சரிபார்க்க வேண்டும். சர்வர் அமைப்பில் 'ஆதன்டிகேஷன் மெத்தட்' என்ற இடத்தில் 'நார்மல் பாஸ்வேர்டு' என்று இருந்தால், எத்தனை முறை சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் பலனில்லை. அதை 'ஓ-ஆத்2' என்று மாற்றுங்கள். எஸ்எம்டிபியிலும் மாற்றுங்கள். சேமித்த பட்டியலில் அந்தக் கணக்கின் பழைய வரிகளை நீக்கிவிட்டு, தண்டர்பேர்டை மூடித் திறந்தால் லாகின் ஜன்னல் வரும். ஜன்னல் வந்தும் வேலை நகராமல் நின்றால், தண்டர்பேர்டின் பிரைவசி பிரிவில் குக்கீகளுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அஞ்சல் மென்பொருளுக்கு எதற்குக் குக்கீ என்று யாரோ அணைத்து வைத்திருப்பார்கள். அந்த லாகின் பக்கத்துக்கு அது வேண்டும்.

ஜிமெயிலில் ஓ-ஆத்2 வேண்டாம் என்பவர்களுக்கு 'ஆப் பாஸ்வேர்டு' உண்டு. கூகுளில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கிய பிறகே கிடைக்கும், 16 எழுத்துகள். நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுவார்கள். இடைவெளிகளைச் சேர்க்கத் தேவையில்லை. மூலப் பாஸ்வேர்டை மாற்றினால் இதுவும் செத்துப்போகும்.

நம்ம ஊர் ஜோஹோவில் சிக்கல் வேறு மாதிரி. இந்தியாவில் தொடங்கிய கணக்குக்கு ஐமேப் சர்வர் பெயர் பொதுவாக 'டாட் இன்' என்று முடிய வேண்டும். எங்கோ படித்ததை நம்பி 'டாட் காம்' என்று போட்டால், பாஸ்வேர்டு தவறு என்ற பதில் வரும். கணக்கு வேறொரு டேட்டா சென்டரில் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நிறுவன டொமைன் கணக்குகளுக்குச் சர்வர் பெயரே வேறு. இருபடிச் சரிபார்ப்பு போட்டிருந்தால் இங்கேயும் தனிப் பாஸ்வேர்டு உருவாக்க வேண்டும்.

சொந்த டொமைன் வைத்திருக்கும் சிறு கடைக்காரர்கள், அச்சகங்கள், ஆடிட்டர் அலுவலகங்களில் நடப்பது பெரிய கூத்து. ஒருவர் பாஸ்வேர்டை மாற்றுவார். மேசைமேல் கிடக்கும் பழைய போன் ஒன்று, பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை சர்வரைத் தட்டிக்கொண்டேயிருக்கும். திருட்டு முயற்சி என்று நினைத்துச் சர்வர் அந்த அலுவலக இணைப்பையே தடுத்துவிடும். அப்புறம் அங்கே யாருக்கும் மெயில் வராது. ஹோஸ்டிங் நிறுவனத்துக்குப் போன் போட்டால் 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்பார்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கணினியை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதில் நுழைய முடிந்தால், தடுக்கப்பட்டிருப்பது உங்கள் ஐபி முகவரி. மற்றக் கருவிகளில் அந்தக் கணக்கை நிறுத்திவிட்டு, தடையை நீக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரியும். தமிழ்99 இயக்கத்தில் இருப்பது தெரியாமலே அடித்திருப்போம். நோட்பேடில் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

இனிப் பாதுகாப்பு. பாஸ்வேர்டுகள் உங்கள் கணினியில், புரொஃபைல் ஃபோல்டரில், மறையாக்கம் செய்து வைக்கப்படுகின்றன. பூட்டு 'லாகின்ஸ்' என்ற ஃபைலில், சாவி 'கீ4' என்ற ஃபைலில். இரண்டும் ஒரே ஃபோல்டரில். சேமித்தவற்றைத் திறக்கக் கேட்கும் 'பிரைமரி பாஸ்வேர்டு' ஒன்றைப் போடாவிட்டால், அந்த ஃபோல்டரை நகலெடுத்துச் சென்றவர் எல்லாவற்றையும் படித்துவிடலாம். மடிக்கணினியில் வைத்திருப்பவர்கள் கட்டாயம் போடுங்கள். மறந்துவிட்டால் மீட்க வழியில்லை. ரீசெட் செய்தால் சேமித்த பாஸ்வேர்டுகள் அனைத்தும் அழியும். அஞ்சல்கள் அப்படியே இருக்கும்.

கீ4 ஃபைலை அழித்தால் பாஸ்வேர்டு தொல்லை சரியாகிவிடும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். தண்டர்பேர்டில் ஓபன்பிஜிபி முறையில் மறையாக்க அஞ்சல் பயன்படுத்துபவர்களின் ரகசியச் சாவியைத் திறப்பதற்கும் அந்த ஃபைல் வேண்டும். அது போனால் பழைய மறையாக்க அஞ்சல்களைப் படிக்க முடியாமல் போகலாம். தண்டர்பேர்டை மூடிவிட்டு, புரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்த பிறகு எதையும் தொடுங்கள்.

பாஸ்வேர்டைப் பாதுகாப்பதில் தண்டர்பேர்டுக்கு நல்ல மதிப்பெண் கொடுப்பேன். விண்டோஸின் புதிய அவுட்லுக்கில் ஜிமெயில் போன்ற வெளிக் கணக்கைச் சேர்த்தால், அஞ்சல்கள் மைக்ரோசாஃப்ட் கிளவுடுக்கும் போகின்றன. தண்டர்பேர்டில் உங்கள் கணினிக்கும் அஞ்சல் சர்வருக்கும் இடையே மூன்றாமவர் கிடையாது. ஆனால் உள்நுழைவு மறுக்கப்படும்போது காரணம் சொல்வதில் தேர்ச்சி மதிப்பெண்கூடத் தர முடியாது. ஒன்றிரண்டு கணக்குகளோடு, செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்கவே தயங்குபவர்களுக்குப் பிரவுசர் வெப்மெயிலே போதும். நாலைந்து கணக்குகளை ஒரே இடத்தில் வைத்து, பழைய அஞ்சல்களைத் தன் கணினியிலேயே சேர்த்துவைக்க விரும்புபவர்கள் தாராளமாகத் தண்டர்பேர்டுக்கு வரலாம்.