கரை யாருக்கு: சபர்மதியும் பேரே வாவியும்

விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டைப் பக்கம் வைப்பாறு வருஷத்தில் பாதிக்கு மேல் மணலும் சீமைக்கருவேலமும்தான். அதன் வடகரை மேட்டில் தமிழக தொல்லியல் துறை 2022 மார்ச்சில் குழி போட்டதும் சங்கு வளையல், சுடுமண் பொம்மை, தங்கத் துணுக்கு என்று வரிசையாக வந்தன. பழங்காலத்திலேயே குடியிருப்பும் பட்டறையும் ஒரே கரையில் இருந்திருக்கின்றன. இன்று கோபுரக் குடியிருப்பு, கடைவீதி, பூங்கா எல்லாவற்றையும் நீர்க்கரையில் சேர்த்துக் கட்டுவதைப் புதுமை என்கிறார்கள். இந்தியாவில் அதற்குக் காட்டப்படும் ஊர் அகமதாபாத், இலங்கையில் கொழும்பு.

அகமதாபாத் மாநகராட்சி 1997இல் சபர்மதி ஆற்றுக்கென்றே தனி நிறுவனம் தொடங்கியது. 2005இல் வேலை ஆரம்பம். 2012இல் கீழ்நடைபாதை திறப்பு. வடிவமைத்தவர் பிமல் படேல். இரு கரையிலும் ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் சுவர் எழுப்பி, அகலம் குறைந்தும் கூடியும் ஓடிய ஆற்றை ஒரே சீராக 263 மீட்டராக்கினார்கள். அப்படி மீட்ட நிலம் சுமார் 200 ஹெக்டேர். அதில் சிறு பங்கை மட்டும் விற்றுச் செலவை ஈடுகட்டுவது திட்டம். இதில் கெட்டிக்காரத்தனம் ஒன்று உண்டு. தண்ணீரை ஒட்டி நடைபாதை, அதற்கு மேல் பூங்காவும் சாலையும், அதற்கும் பின்னால்தான் உயரக் கட்டடம். எவ்வளவு பெரிய பணக்காரரும் ஆற்றோரத்தைத் தன் காம்பவுண்டுக்குள் அடைக்க முடியாது.

ஆனால் நிலம் கிடைத்தது ஆற்றின் மடியிலிருந்து. இப்போது அங்கே நிற்பது நர்மதைக் கால்வாய்த் தண்ணீர். வாஸ்னா தடுப்பணைக்குக் கீழே போனால் ஆலைக்கழிவு நாறுகிறது. கரையோரக் குடிசைகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் நகரின் ஓரங்களுக்குப் போயின. மணலில் கடை விரித்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தை 2014இல் எண் போட்ட மேடைகளுக்கு ஏறியது.

கொழும்பு வேறு வழியில் போனது. 1978இல் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை, போர் முடிந்த மறுவருடம், 2010இல், பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. கொம்பனித்தெருவும் பேரே வாவியோரமும் முதலீட்டாளர் கண்ணில் பட்டன. 68 மாடி அல்டெயர் கோபுரம் எழுந்தது அங்கேதான். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்தாற்போல் இரட்டைக் கட்டடம், பின்னணியில் கொல்கத்தா முதலீடு. 2022இல் மக்களுக்குத் திறந்த தாமரைக் கோபுரமும் வாவிக்கரைதான். ஒவ்வொரு மனையும் தனக்கென்று ஒரு முகப்பை வைத்துக்கொண்டதால் பொதுநடை துண்டு துண்டாகிப்போனது. அங்கிருந்த பலர் தெமட்டகொட, வனாத்தமுல்லைத் தொடர்மாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். வீட்டு வாசலில் இடியப்பம் அவித்து விற்றவர் பத்தாவது மாடியில் யாரிடம் விற்பார்? மின்தூக்கி நின்றால் கிழவி கீழே இறங்குவது எப்படி? கூவக்கரையிலிருந்து பெரும்பாக்கம் போன சென்னைக் குடும்பங்களைக் கேட்டாலும் இதே புலம்பல்தான். இந்த விஷயத்தில் கடல் குறுக்கே இருப்பதே தெரியவில்லை.

கொழும்பு ஒன்றில் மட்டும் நம்மை முந்திவிட்டது. 2010 நவம்பர் மழையில் நாடாளுமன்றமே வெள்ளத்தில் நின்றது. அதன் பிறகு சதுப்பு நிலத்தை வெறும் காலிமனையாகப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். பெத்தகானவில் ஈரநிலத்துக்குள்ளேயே மரப்பாலம் போட்டு மக்களை நடக்கவிட்டார்கள்; தியவன்னா ஏரியோரம் தியத்த உயன பூங்கா வந்தது. 2018இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் சர்வதேச அமைப்பு கொழும்பை ஈரநில நகரமாக அங்கீகரித்தது. வெள்ளம் தங்க இடம் விட்டு, அந்த இடத்தையே பூங்காவாக்கிய யோசனை அது. சபர்மதியில் இது இல்லை.

வெம்பக்கோட்டையில் அறுபது மாடி யாரும் கட்டப்போவதில்லை. ஆனால் சாத்தூர் போன்ற ஆற்றங்கரை ஊர்களுக்கு என்றைக்காவது ஒரு 'ரிவர் ஃபிரண்ட்' வரைபடம் வரும். வந்தால் சபர்மதிச் சுவரைத்தான் நகலெடுப்பார்கள் என்பது என் சந்தேகம். பருவமழையை நம்பி ஓடும் ஆற்றுக்கு அந்தச் சுவர் ஆகாது. நிரப்பித் தர இங்கே நர்மதையும் கிடையாது.

இடைவெளியின் அருமை நம் பகுதிக்குத் தெரியாததல்ல. பட்டாசு ஆலையில் அறைக்கும் அறைக்கும் இவ்வளவு தூரம், ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கூடுதல் ஆளை உட்கார வைத்து, மரத்தடியிலும் மருந்து செலுத்தியபோது என்ன நடந்தது என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆற்றுக்கும் அப்படியொரு தூரம் உண்டு. அதை முதலில் அளந்து கல் நட வேண்டும். அந்தக் கல்லுக்குள்ளே மேய்ச்சலும் மைதானமும் சந்தையும் இருக்கலாம், மதில் கூடாது. கட்டடம் எத்தனை மாடி என்பதை அதற்கு வெளியே பேசிக்கொள்ளலாம். அகமதாபாத்திடம் அறுபடாத கரையை வாங்குவோம், கொழும்பிடம் வெள்ளத்துக்கு விட்ட இடத்தை வாங்குவோம். குடிசைகளைப் பெயர்த்த வழக்கத்தை இருவரிடமே விட்டுவிடுவோம்.

வைப்பாற்றின் எல்லையை அளந்து கல் நடக் கோரும் தீர்மானத்தை, கரையோர ஊர்க்காரர்கள் அடுத்த கிராம சபையிலேயே கொண்டுவாருங்கள்.