ஆட் தாமஸ்: இறந்தோரைக் காண்பான் கதை

உடம்பு வீழ்ந்த பின்னும் உயிர் உளதென்னும் துணிபைக் கதைவாயிலாகக் காட்டப் புகுந்த ஆங்கில ஆசிரியர் பலர். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் இறந்த அரசன் தோன்றித் தன்னைக் கொன்றானைச் சுட்டிப் பழிவாங்குமாறு மகனை ஏவுகின்றான். ஹென்றி ஜேம்ஸ் 1898-ல் வெளியிட்ட ‘தி டர்ன் ஆப் தி ஸ்க்ரூ’ என்னும் கதையிலோ, கண்ட உருவங்கள் ஆவிகளோ கண்டாளின் மனமயக்கமோ என்பது அறிஞரிடை இன்றும் வழக்காகவே நிற்கின்றது. இவ்விரு நெறியினும் வேறாயதொரு நெறியில் அமெரிக்க ஆசிரியர் டீன் கூன்ட்ஸ் 2003-ல் வெளியிட்டது ‘ஆட் தாமஸ்’ என்னும் நாவல். பெருந்தொகையாக விற்றற்கென்று எழுதப்படும் திகிற்கதை வகையைச் சார்ந்ததே இது, அதனை மறைத்தற்கில்லை. ஆயினும், இறந்தாரைக் காண்பான் ஒருவன் தான் எதனாற் கட்டுண்டு நிற்கின்றான் என்னும் வினாவை இந்நூல் எழுப்பும் முறை, பாசத்தின் இயல்பை ஆராய்வார் கருத்தை ஈர்க்கற்பாலது.

கதைத்தலைவன் இருபதாண்டு இளைஞன். கலிபோர்னியாவின் பாலைநிலத்தில் பிகோ முண்டோ என ஆசிரியர் கற்பித்துக்கொண்ட சிற்றூரில், ஓர் உணவுச்சாலையின் அடுப்பருகே நின்று முட்டையும் அப்பமும் பொரித்துக் கொடுப்பவன். ‘ஆட்’ என்னுஞ் சொற்கு ஆங்கிலத்தில் ‘விநோதமான’ என்பது பொருள். ‘டாட்’ என இடக் கருதிய பெயரில் முதலெழுத்து பிறப்புப் பதிவிற் பிழையாக விடுபட்டதென்பாள் தாய். தந்தையோ அதனை ஒப்பான். இவன் காதலி ஸ்டார்மி லெவெலின் என்பாள் ஐஸ்கிரீம் கடையொன்றில் வேலை பார்ப்பவள். இவனது காட்சியாற்றலை அறிந்தோர் மிகச் சிலரே. அவருள் ஒருவர் ஊர்ப் போலீஸ் தலைவர் வயட் போர்ட்டர்.

நூலின் தொடக்கத்திற் கொலையுண்ட சிறுமி ஒருத்தி இவன் வாயிலில் வந்து நின்று, ஒரு சொல்லும் கூறாமல், தன்னைக் கொன்றவனிடம் இவனை அழைத்துச் செல்கின்றாள். இந்நாவலில் இறந்தோர் பேசுவதில்லை. இதுவே ஆசிரியர் செய்துகொண்ட ஏற்பாடுகளுள் தலையாயது. ஹாம்லெட்டின் தந்தைபோல் ஆவியே அனைத்தையும் கூறிவிடின் காண்பானுக்கு வேலை யாது? இங்கோ அவன் முகக்குறிப்பும் கைக்குறிப்பும் கொண்டு உய்த்துணரவேண்டியவனாகின்றான். 1977-ல் மறைந்த பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் ஆவி அவ்வூரில் உலவி, அவனைக் கண்டபோதெல்லாம் கண்ணீர் வடிக்கின்றது. அக்கண்ணீரின் காரணமும் அவனுக்கு எளிதிற் புலப்படுவதில்லை.

இம் மௌனத்திற்கு ஆசிரியர் காரணம் கூறிற்றிலர். சித்தாந்தம் பயின்றோர்க்கு ஒன்று நினைவிற்கு வரும். தூலவுடம்பை நீத்த உயிரொடு செல்லும் சூக்கும உடம்பு தன்மாத்திரை ஐந்தும் மனம் புத்தி அகங்காரம் என்னும் மூன்றுமாகிய எட்டன் கூட்டம் என நூல்கள் கூறும். வாக்கென்னும் தொழிற்கருவி அவ்வெட்டனுள் வைத்து எண்ணப்படுவதன்று. கூன்ட்ஸ் கத்தோலிக்க சமயத்தவர். இவற்றை அறிந்து எழுதினார் என்பதற்கில்லை. கதைக்கு வேண்டியதை நாடிச் சென்றவர் தற்செயலாக அங்கு வந்து நின்றார் எனலே பொருந்தும்.

இறந்தோரேயன்றி, ‘போடாக்’ என்னும் கரிய நிழலுருக்களும் இவன் கண்ணுக்குத் தோன்றும். பெருங்கொலை நிகழவிருக்கும் இடத்தில் அவை ஈக்கள்போல் மொய்க்கும். ஒருநாள் உணவுச்சாலைக்கு வந்த அயலான் ஒருவனைச் சூழ அவை திரண்டிருத்தலைக் கண்டு, பேரிடர் ஒன்று அணுகுவதை ஆட் உணர்கின்றான். நாளும் அவனுக்குத் தெரியவருகின்றது. இடம் தெரிந்திலது, செய்வார் எத்துணையர் என்பதும் தெரிந்திலது. காட்சி உண்டு, அறிவு இல்லை. முதன்மையானவன் எனக் கருதித் தான் தொடர்ந்தவனே பிணமாகித் தன் வீட்டிற் கிடக்கக் காண்கின்றான். இப்பகுதிகள் விரைவும் நடுக்கமும் பொருந்த எழுதப்பட்டுள்ளன. முடிவில் பல கடைகள் ஒருங்கமைந்த அங்காடி மாளிகையில் துப்பாக்கிச் சூடு நிகழ்கின்றது. இவன் முயற்சியாற் பலர் பிழைக்கின்றனர், சிலர் மாள்கின்றனர்.

நூலின் பெருங்குறை ஈண்டே உளது. கொலை செய்வாருள் போலீசாரும் உளர். அவர்கள் ஏன் அவ்வாறாயினர் என்று வினவின், சாத்தானை வழிபடுவோர் என்னும் விடையொன்றே கிடைக்கின்றது. தீமையை இவ்வாறு ஒரு குழுவின் தலையில் ஏற்றிவிடுதல் எளிது. மனிதன் படிப்படியாக எங்ஙனம் கொடியனாகின்றான் என்பதைக் காட்டுதல் அரிது. அரியது ஆசிரியர்க்கு இயலாததும் அன்று. மகன் அன்பையோ உதவியையோ நாடி அணுகும்போதெல்லாம், துப்பாக்கியைத் தன்பாற் சேர்த்துத் தற்கொலை செய்துகொள்வேன் என்று அச்சுறுத்தும் தாயை அவர் காட்டியிருக்கின்றார். அங்கு நிழலுரு ஒன்றும் வேண்டப்படவில்லை. ‘நான்’ என்பதொன்றே போதுமாயிற்று. அச்சிலபக்கங்கள் போடாக்குகள் அனைத்தினும் மிக்க அச்சம் தருவன.

கதையைக் கூறுபவன் ஆட்டே. நானூறு பவுண்டு எடையுள்ள நண்பர், துப்பறியுங்கதை எழுதுபவர், லிட்டில் ஆசி என்பார், துயரத்தில் அமிழாதவாறு நகைச்சுவையோடு எழுதுக என்றும், முழுதும் நம்பத்தகாத கதைசொல்லியாக நின்று எழுதுக என்றும் தூண்ட, அவன் எழுதுகின்றான். ஆதலின் நூல் முழுவதும் வேடிக்கைப் பேச்சு மல்கிக் கிடக்கின்றது. உவமைமேல் உவமை அடுக்கப்படுகின்றது. பாதிக்கு மேற் கற்பார்க்கு இது சலிப்பைத் தருவதே.

ஆனால் இறுதியை எய்தியபோது அச்சலிப்பிற்கும் ஒரு காரணம் புலனாகின்றது. காயமுற்று மருத்துவமனையிற் கிடந்த ஆட் தேறி வீடு திரும்புகின்றான். ஸ்டார்மி உடனிருக்கின்றாள், நாட்கள் சில கழிகின்றன. அவளைத் தொட்டால் வெம்மை தோன்றும். இந்நூலில் ஆவிகள் அவனுக்கு எப்பொழுதும் அவ்வாறே தோன்றுவன. அவள் மட்டும் பேசுவதில்லை. நண்பர்கள் வந்து அவனை நோக்கிப் பேசியபின்னரே, அவளும் அங்காடியில் மாண்டவருள் ஒருத்தி என்பதைக் கற்பார் அறிகின்றனர். இறந்தோர் பேசார் என்பதை முதற்கண்ணே கூறிவைத்தவன், அவ்விதி தன் இல்லத்தில் நிகழ்வதைத் தானே காணாதிருந்தான். அன்று, கண்டும் ஒப்பாதிருந்தான். எஞ்சியாரை மேற்செல்ல விடுமாறு பிற ஆவிகளை நயந்து கூறிவந்தவன், தன் பற்றினால் ஓர் உயிரைப் போகவொட்டாது நிறுத்தினான். முன்னர் வேடிக்கையெனத் தோன்றியதெல்லாம் அழுகையை அடக்கியிருந்த மூடியென விளங்குகின்றது. துப்பறியுங்கதைகளில் வாசகரை ஏமாற்றுதற்பொருட்டே ஆளப்படும் உத்தி, இங்கு ஒருவன் தன்னையே ஏமாற்றிக்கொண்ட நிலையை உணர்த்தும் கருவியாயிற்று.

ஸ்டார்மி கொண்ட கொள்கையையும் நோக்குதல் தகும். இவ்வாழ்வு படைவீரர்க்கு அளிக்கும் கடும் பயிற்சி போல்வது. இதனைப் பொறுத்தார்க்கு இரண்டாம் வாழ்வு தொண்டும் அருஞ்செயலும் நிறைந்தது. மூன்றாவதே பேறு என்பாள். உலகு துன்புறுத்தற்கன்றிப் பக்குவப்படுத்தற்கு அமைந்தது என்னும் அளவில் இது சைவர்க்குப் புதியதன்று. அழுக்கேறிய ஆடையைச் சாணியும் உவரும் இட்டு வெளுக்கும் உவமையைச் சித்தியார் கற்றார் மறவார். வேறுபாடு வேறிடத்தது. அவள் கூறும் நெறியில் முயன்று தேறுவது உயிரே; பக்குவத்தை அறிந்து அளித்துக் கைதூக்கும் ஒருவன் அதன்கண் வெளிப்படக் காணப்படவில்லை. அக்குறைவினாற்றான் போலும், அவள் நீங்கியபின் ஆட்டுக்கு நண்பர் கூட்டமே ஆசிரியனாக வேண்டியதாயிற்று.

இக்கதைத் தொடர் 2015-ல் ‘செயின்ட் ஆட்’ என்னும் நூலோடு முடிவுற்றது. 2006-ல் வெளிவந்த மூன்றாம் நூலாகிய ‘பிரதர் ஆட்’ என்பதன் முடிவில் எல்விஸின் ஆவி மேற்செல்கின்றது. அவ்விடம் வெறுமையாக நில்லாமல், 1998-ல் மறைந்த பாடகர் பிராங்க் சினாட்ராவின் ஆவி உடனே வந்து ஆட்டின் துணையாகின்றது. முதல் நூலிற் கண்ணீர் வடித்து நின்ற ஆவி, இங்ஙனம் வேடிக்கைத் துணைவர் வரிசையில் ஒன்றாகிவிட்டது.