அடைப்புக்குள் ஒரு 'தோராயமாக'

பெர்ஃப் ரிப்போர்ட் என்று தட்டி என்டரை அழுத்தியதும் டெர்மினல் ஒரு கணம் துடைத்த பலகையாகிறது. அடுத்த கணம் எண்கள் வந்து அமர்கின்றன. இடது ஓரத்தில் சதவீதங்கள், தசமப் புள்ளிக்குக் கீழே தசமப் புள்ளி, நூல் பிடித்தாற்போல. அதை அடுத்து ஓடிய நிரலின் பெயர், எந்த நூலகத்துக்குள் ஓடியது என்ற விவரம், கடைசியில் ஃபங்ஷனின் பெயர். படம் கிடையாது, வண்ண வட்டம் கிடையாது. வெறும் எழுத்தும் எண்ணும்தான். ஆனாலும் அந்த முதல் விரிவைப் பார்க்கும்போதெல்லாம், நெருக்கமாகக் கட்டிய மல்லிகைச் சரத்தைக் கையில் வாங்கிய குளிர்ச்சி எனக்கு.

லினக்ஸ் கர்னலோடு சேர்ந்தே வளரும் கருவி பெர்ஃப். 2009இல், 2.6.31ஆம் பதிப்பில் உள்ளே வந்தது. ஒரு நிரல் ஓடும்போது நேரம் எங்கே கரைகிறது என்று பதிவு செய்வது பெர்ஃப் ரெக்கார்ட். பதிந்ததைப் பிரித்துக் காட்டுவது பெர்ஃப் ரிப்போர்ட். வேலை அவ்வளவுதான். அந்த வேலையை அது செய்யும் நளினத்தைத்தான் கொஞ்சம் அருகே போய்ப் பார்க்கலாம், வாருங்கள்.

முதலில் நிறம். ஐந்து சதவீதமும் அதற்கு மேலும் தின்னும் வரிகள் சிவப்பு. அரை சதவீதத்தைத் தாண்டியவை பச்சை. மற்றவற்றுக்கு நிறமே இல்லை. இரண்டே எல்லைக்கோடுகள், இரண்டே சாயங்கள். மேலே ஏழெட்டுச் சிவப்பு வரிகள், நடுவில் ஒரு பச்சைப் பத்தை, அதற்குக் கீழே நிறமிழந்து நீண்டுகொண்டே போகும் நூற்றுக்கணக்கான பெயர்கள். எங்கே பார்க்க வேண்டும் என்பதைவிட எங்கே பார்க்க வேண்டாம் என்பதை இவ்வளவு மென்மையாகச் சொல்லும் திரையை நான் வேறெங்கும் கண்டதில்லை. இன்றைய கண்காணிப்புப் பலகைகள் பலவற்றில் எல்லாமே மின்னுகின்றன; கல்யாண மண்டப வாசல் சீரியல் பல்பு மாதிரி.

இப்போது கண்ணைத் திரையின் உச்சிக்குக் கொண்டுபோங்கள். எத்தனை சாம்பிள்கள், எந்த நிகழ்வை எண்ணியது, மொத்தம் எவ்வளவு என்று ஒரே வரி அங்கே இருக்கும். அந்த மொத்தத்துக்கு முன்னால், அடைப்புக்குறிக்குள், ஒரு சிறிய சொல்: 'தோராயமாக'. ஆங்கிலத்தில் அதையும் சுருக்கித்தான் போட்டிருக்கிறார்கள். பல நூறு கோடி சுழற்சிகளைக் கடைசி இலக்கம் வரை அச்சிட்டுவிட்டு, அதன் தோள்மேல் கைவைத்து 'தோராயமாகத்தான்' என்கிறது. இந்த ஒரு சொல்லுக்காகவே இதை எழுதியவர்கள்மேல் எனக்குத் தீராத பிரியம். கருவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது, அவ்வளவே. செயலிக்குள் இருக்கும் எண்ணி ஒன்று குறித்த அளவு நிறைந்ததும் குறுக்கிடும். அந்த நொடித்துகளில் எந்தக் கட்டளை ஓடிக்கொண்டிருந்தது, மணி என்ன என்று கர்னல் குறித்துக்கொண்டு ஒதுங்கிவிடும். வேறு எதுவும் சொல்லாவிட்டால் நொடிக்கு 4000 முறை இப்படி எட்டிப் பார்க்கும். நிரலை நிறுத்தி விசாரிப்பதில்லை, அதற்குள் எதையும் செருகுவதில்லை.

அந்த 4000ஐ மாற்றி 99 என்று கொடுப்பது இந்தத் தொழிலில் பலருக்கு வழக்கம். புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள், 'ஏன் சார், நூறு என்றே வைத்தால் என்ன?' நிரலுக்குள்ளும் கர்னலுக்குள்ளும் நொடிக்கு நூறு முறை துடிக்கும் கடிகாரங்கள் இருக்கக்கூடும். நாமும் அதே தாளத்தில் எட்டிப் பார்த்தால், எப்போதும் ஒரே காட்சிதான் கிடைக்கும். தினம் காலை ஆறு மணிக்கு மட்டுமே எங்கள் தெருவுக்கு வந்துபோகிறவருக்கு, இங்கே பால்காரரும் கோலம் போடுகிறவர்களும் மட்டுமே குடியிருக்கிறார்கள் என்றுதான் படும். 99 என்பது தாளத்திலிருந்து ஒரு இழை விலகி நடப்பது. ஒன்றைக் கழித்ததில் எவ்வளவு நுட்பம், பாருங்கள்.

பதிவு முடிந்து விடைபெறும்போதும் அதற்கென்று ஒரு பேச்சு உண்டு. தரவை எழுதுவதற்காக இத்தனை முறை விழித்தெழுந்தேன் என்று ஒரு வரி, இவ்வளவு மெகாபைட் எழுதினேன் என்று இன்னொரு வரி. ஒரே ஒரு முறைதான் விழித்தது என்றாலும் ஆங்கிலத்தில் பன்மைதான் வரும். இலக்கணம் பார்க்கிறவர்களுக்கு உறுத்தும். எனக்கு அது பேச்சில் லேசான கொச்சையுள்ள ஊர்ப் பெரியவர் வந்து தகவல் சொல்லிப் போவது போல இருக்கிறது. அதே அடக்கத்தோடு, சொல்லாமலே, இன்னொன்றும் செய்திருக்கும்: முன்பு எடுத்த பதிவு அதே இடத்தில் கிடந்தால், அதை அழிக்காமல் பெயருக்குப் பின்னால் 'ஓல்டு' என்று ஒட்டி நகர்த்தி வைத்துவிடும். நேற்றையதை ஒரே ஒரு தலைமுறைக்குப் பத்திரப்படுத்தும் குணம். இதற்கு நான் பிறகு வருகிறேன்.

என் சொந்த நிரல் ஒன்றை வைத்தே பட்டியலைப் படிப்போம். பெரிய தமிழ் உரைக்கோப்பிலிருந்து சொற்களைப் பிரித்து, நிறுத்தக்குறிகளை நீக்கி, அகரவரிசைப்படுத்தும் சிறு சி நிரல். ஒவ்வொரு பத்தியும் கோப்பில் ஒரே நீண்ட வரி. யுடிஎஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். 'கொ' என்ற ஒரே எழுத்துக்கு ஆறு. ஆகவே வரிகள் இன்னும் நீளம். ஓடவிட்டேன், ஓடியது, ஓடியது, டீ குடித்துவிட்டு வந்தும் ஓடியது. வரிசைப்படுத்துவதுதான் பாரம் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். பதிவெடுத்துத் திறந்தால், முதல் வரியில் சிவப்பாக 71.42%, அதற்கு நேரே ஸ்டர்லென்.

ஒரு சரத்தின் நீளத்தை அளக்கும் ஃபங்ஷன். அவ்வளவு சாதாரணமானது. பெயரின் வாலில் ஏவிஎக்ஸ்2 என்று ஒட்டியிருந்தது. ஒரே மூச்சில் முப்பத்திரண்டு பைட் பார்க்கும்படி சி நூலகத்தார் இழைத்து இழைத்துச் செதுக்கிய வடிவம் அது. அவ்வளவு வேகமான ஒன்று பட்டியலின் உச்சியில் நிற்கிறதென்றால் தவறு அதனிடம் இல்லை, அதை ஓயாமல் கூப்பிட்டவனிடம். கூப்பிட்டவன் நான்தான். லூப்பின் நிபந்தனையிலேயே நீளத்தைக் கேட்டிருந்தேன். உள்ளே அதே வரியை மாற்றிக்கொண்டும் இருந்ததால், கம்பைலரால் அதை வெளியே தூக்கிப் போட முடியவில்லை. ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முறை முழு வரியும் அளக்கப்பட்டது.

கூப்பிட்டவனை எப்படிக் கண்டுபிடித்தேன் என்றீர்களானால், அங்கேதான் இந்தத் திரையின் பேரழகு இருக்கிறது. அழைப்புச் சங்கிலியோடு பதிவெடுத்தால் சதவீதத்துக்கு ஒன்றல்ல, இரண்டு நெடுவரிசைகள் வரும். ஒன்றின் தலைப்பு 'சில்ட்ரன்', மற்றதன் தலைப்பு 'செல்ஃப்'. தன் பெயரால் நடந்ததெல்லாம் முதலில். தன் கையால் செய்தது மட்டும் இரண்டாவதில். மெயின் ஃபங்ஷனைப் பார்த்தால் முதல் நெடுவரிசையில் கிட்டத்தட்ட நூறு, இரண்டாவதில் கிட்டத்தட்ட சுழி. கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் இருக்கும். அடுப்படியில் வெந்துகொண்டிருப்பவர் வேறு. என் சுத்தம் செய்யும் ஃபங்ஷன் இடப்பக்கம் எழுபத்தைந்தைத் தாண்டி, வலப்பக்கம் மூன்றரையோடு அடக்கமாக உட்கார்ந்திருந்தது. அந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருந்த இடைவெளிதான் என் தவறின் அளவு. வரிமேல் நின்று பிளஸ் குறியைத் தட்டினால் கிளை பிரிந்து, யார் யாரை அழைத்தார்கள் என்று படிப்படியாக உள்தள்ளி இறங்குகிறது.

இந்த இரட்டைக் கணக்கின் வேர் பழையது. பெர்க்லியில் சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் மெக்குசிக் மூவரும் 1982இல் வெளியிட்ட ஜிப்ரோஃப் கருவிதான் அழைத்தவர் கணக்கில் அழைக்கப்பட்டவரின் நேரத்தையும் சேர்த்துக் காட்டிப் புகழ்பெற்றது. அதன் அச்சும் அழகு: ஒவ்வொரு பத்தியிலும் நடுவில் ஒரு ஃபங்ஷன், அதற்கு மேலே அதைப் பெற்றவர்கள், கீழே அது பெற்றவர்கள். மூன்று தலைமுறைக் குடும்பப் படம். யார் அழைத்தார்கள் என்று தெரியாத ஃபங்ஷனுக்கு மேலே 'ஸ்பான்டேனியஸ்' என்று அச்சிடும், நம் சுயம்புலிங்கம் போல. முதன்முதலில் பார்த்தபோது ஒரு கணம் கைகூப்பத் தோன்றியது எனக்கு. ஆனால் ஜிப்ரோஃப், எத்தனை முறை அழைத்தார்கள் என்ற விகிதத்தில் நேரத்தைப் பங்கிட்டுவிடும். ஒவ்வொரு அழைப்பும் ஒரே அளவு நேரம் எடுக்கும் என்ற அனுமானம் அது. பெர்ஃப், குறுக்கிட்ட அந்தக் கணத்தில் ஸ்டாக்கில் யார் யார் நின்றார்களோ அவர்களையே எழுதிக்கொள்கிறது. அப்படி ஸ்டாக்கில் ஏறிப் பார்க்க ஃப்ரேம் பாயின்டர் என்ற கைப்பிடி இருந்தால் எளிது. வேகத்துக்காக நெடுங்காலம் கழற்றி வைத்திருந்த அந்தக் கைப்பிடியை 2023இல் ஃபெடோரா 38ம், 2024இல் உபுன்டு 24.04ம் இதற்கென்றே திரும்பப் பொருத்தின.

ஃபங்ஷன் பெயருக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் ஒரே ஒரு குறி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? புள்ளியென்றால் நம் நிரலின் பக்கம். 'கே' என்றால் கர்னலின் பக்கம். வாசற்படியின் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்று சொல்ல ஒரு புள்ளி போதுமென்று நினைத்த மனதை என்னவென்று பாராட்டுவது!

இன்னும் உள்ளே போக ஆசையிருந்தால், வரிமேல் நின்று 'ஏ' விசை. ஃபங்ஷன் திறந்து அசெம்ப்ளி கட்டளைகளாக உதிர்கிறது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதற்குரிய சதவீதம். பெரும்பாலானவற்றின் பக்கத்தில் வெறுமை. கர்சர் தானாகவே மிகச் சூடான கட்டளையில் போய் நிற்கும். ஒரு ஜம்ப் கட்டளைமேல் நின்றால், அது தாவிச் செல்லும் இடம்வரை ஒரு மெல்லிய கோடு வளைந்து போகிறது. லூப் என்று நாம் வாயால் சொல்வது அங்கே கண்ணுக்கு முன்னால் வளையமாகவே கிடக்கிறது. வேறொரு நிரலில், ஒரு லிங்க்டு லிஸ்ட்டைக் கடக்கும் சின்னஞ்சிறு லூப்பை இப்படித் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தேன். நினைவகத்திலிருந்து அடுத்த முகவரியை எடுத்துவரும் கட்டளையின் பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதற்கு அடுத்து, வந்தது சுழியா என்று பார்க்கும் அப்பாவி டெஸ்ட் கட்டளைமேல் மொத்தச் சிவப்பும் கொட்டிக் கிடந்தது.

குறுக்கீடு வந்துசேர்வதற்குள் செயலி ஓரடி முன்னால் போயிருக்கும். சுமை எடுத்துவரப் போனவன் தாமதிக்க, வாசலில் காத்து நின்றவன் பெயர் கணக்கில் ஏறிவிடுகிறது. வழுக்கல் என்று இதைச் சொல்லலாம். நிகழ்வின் பெயரோடு ஒரு முக்காற்புள்ளியும் இரண்டு 'பி'யும் சேர்த்தால், வன்பொருள் இடங்கொடுக்கும் செயலிகளில் இந்த வழுக்கல் வெகுவாகக் குறையும். ஆனால் வழுக்கும் திரையைப் படிக்கப் பழகுவதில் ஒரு தனி ருசி இருக்கிறது. சிவப்பைக் கண்டதும் கண் தானே ஒரு வரி மேலே ஏறும். அந்தச் சிறு ஏற்றம் கைவந்த நாளன்றுதான், நான் இந்தத் தொழிலுக்குள் நிஜமாக வந்தேன் என்று பட்டது.

அடிவரியை மறந்துவிட்டேனே. திரையின் அடியில், கேட்காமலே, ஒரு குறிப்பு ஓரமாக நிற்கும்; ஒவ்வொரு முறையும் வேறொன்று. மேலோட்டமாகப் பார்க்க இப்படி வகைப்படுத்திப் பாருங்கள், சங்கிலியைச் சுருக்கிக் காண இதைக் கொடுங்கள் என்று. பரிமாறிவிட்டுப் போகிறவர் திரும்பி, 'ரசம் இன்னைக்கு நல்லா இருக்கு' என்று சொல்லிப் போகும் தொனி. நான் அறிந்த விசைகளில் பாதி அங்கே கற்றவை.

நீளத்தை லூப்புக்கு வெளியே ஒரு முறை கேட்டு ஒரு மாறியில் வைத்தேன். ஒரே வரி மாற்றம். மறுபடி பதிவெடுத்துவிட்டு பெர்ஃப் டிஃப் என்று மட்டும் தட்டினேன். கோப்புப் பெயர் எதுவும் கொடுக்கவில்லை. அது தானே போய், ஒதுக்கி வைத்திருந்த பழைய பதிவை எடுத்துவந்து புதியதன் பக்கத்தில் விரித்தது. ஸ்டர்லென்னுக்கு நேரே: முன்பு 71.42%, மாற்றம் -71.11%. மீதியிருந்த துளி, வரிக்கு ஒரு முறை நியாயமாகக் கேட்டது.

அதற்கு அடுத்த வரியில் ஸ்டர்கால். ந-வுக்குப் பக்கத்திலேயே ன-வை வைத்திருக்கும் யூனிகோட் வரிசையை விட்டு, நம் அகராதி வரிசைப்படி சொற்களை ஒப்பிட நான் அழைத்த ஃபங்ஷன். முன்பு 9.10%, மாற்றம் +22.64%. அதை நான் தொடவே இல்லை. ஒரு மைக்ரோநொடிகூட அது கூடுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. பந்தியில் பெருந்தீனிக்காரன் எழுந்து போனதும் அடுத்த இலைக்காரர் உண்பது கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான். அந்தக் கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டே, அதன்மேல் என்ன செய்யலாம் என்று யோசித்தபடி, நிரலை மறுபடி ஓடவிட்டு இன்னொரு டீக்குப் போனேன். இந்த முறை நான் டீ குடித்துத் திரும்புவதற்குள் நிரல் ஓடி முடித்திருந்தது.