ஜெஃபர்சன் உரையில் ‘நாம்’

தேர்தலில் வென்றவர் மறுநாளே ஒற்றுமை பேசுவது உலக வழக்கு. தோற்றவர் அதனை நம்புவதில்லை. வெல்ல வைத்தவர்களோ அதனை விரும்புவதில்லை. ஆகவே இவ்வகை உரைகளை இலக்கியமாக எடுத்து ஆராய்வார் அரியர். எனினும் வரிக்கு வரி நிறுத்திப் படிக்கத்தக்க உரை ஒன்று உண்டு. அமெரிக்காவின் மூன்றாம் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன், 1801 மார்ச் 4இல் பதவியேற்றபோது நிகழ்த்தியது அது.

அதற்கு முந்திய தேர்தல் நாட்டை இரு கூறாக்கியிருந்தது. ஃபெடரலிஸ்டுகள் ஜெஃபர்சனை நாத்திகர் என்றனர்; ரிப்பப்ளிகன்கள் ஜான் ஆடம்ஸை முடியாட்சிப் பித்தர் என்றனர். (இந்த ரிப்பப்ளிகன் கட்சி வேறு, இன்று அப்பெயரில் உள்ளது வேறு.) 1798இல் இயற்றிய அவதூறுச் சட்டத்தின் கீழ் ஆளுங்கட்சியைப் பழித்த பத்திரிகையாளர் சிறை சென்றனர். வாக்குகளை எண்ணியபோது ஜெஃபர்சனுக்கும் அவருடைய கட்சியினரான ஆரன் பர்ருக்கும் சமமாக 73 கிடைத்தன. முடிவு பிரதிநிதிகள் சபைக்குச் சென்றது. 36 முறை வாக்கெடுத்த பின்னரே பிப்ரவரி 17இல் ஜெஃபர்சன் தேர்வானார். ஆடம்ஸ் பதவியேற்பு விழாவுக்கு நிற்கவில்லை. விடியுமுன்பே தலைநகரை விட்டு அகன்றார்.

ஜெஃபர்சனின் குரல் மெல்லியது. அவையிலிருந்தோரில் பலருக்கு உரை செவியில் விழவில்லை. அன்றே அச்சாகி வெளிவந்ததால், தொடக்க முதலே அது கேட்பதற்கன்றிப் படிப்பதற்கான உரையாயிற்று. பதவிப் பிரமாணம் செய்வித்த தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் எதிர்க்கட்சியினர். ஜெஃபர்சனுக்கு உறவினரும், ஆகாதவரும் ஆவார். அவரே அன்று எழுதிய கடிதம் ஒன்றில், உரை பொதுவாக நிதானமும் இணக்கமும் உடையது என ஒப்புக்கொண்டார்.

நாம் எல்லாரும் ரிப்பப்ளிகன்களே, நாம் எல்லாரும் ஃபெடரலிஸ்டுகளே என்னும் பொருள்படும் வாக்கியமே அவ்வுரையில் புகழ் பெற்றது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தொடங்கினால் அச்சொற்கள் கட்சிப் பெயர்கள். சிறிய எழுத்தில் தொடங்கினால் கொள்கைப் பெயர்கள். ஜெஃபர்சனின் கையெழுத்துப் படியில் இருப்பது சிறிய எழுத்து. பத்திரிகைகள் பெரிய எழுத்தில் அச்சிட்டன. ஆகவே, இனிக் கட்சியே இல்லை என்று அவர் கூறியதாக நாடு படித்தது. குடியரசு முறையையும் மாநிலங்களின் கூட்டிணைப்பையும் இரு சாராரும் ஏற்கின்றனர் என்பதே அவர் எழுதியது. நம் எழுத்தில் பெரியது, சிறியது என்ற பேதம் இல்லை. தமிழில் பெயர்ப்பவர் ஏதேனும் ஒன்றைத் துணிந்தாக வேண்டும். ‘குடியரசுக் கொள்கையர்’, ‘கூட்டாட்சிக் கொள்கையர்’ என்பதே பொருந்தும் என்பது நம் கருத்து.

பின்னர் நடந்ததும் அதற்கே சான்று. நியூ ஹேவன் துறைமுகத்தில் ஆடம்ஸ் தம் கடைசி நாட்களில் அமர்த்திய சுங்க அதிகாரியை ஜெஃபர்சன் நீக்கி, 77 வயது முதியவர் ஒருவரை நியமித்தார். வணிகர்கள் முறையிட்டனர். 1801 ஜூலையில் அவர் எழுதிய மறுமொழியில், சகிப்பைப் பற்றித் தாம் சொன்னதைப் பதவிகள் அசையா என்ற உறுதியாகத் திரித்துவிட்டனர் என வருந்தினார். வருத்தம் நியாயமாயிருக்கலாம், ஆனால் புகழ்ந்தோர் அந்தப் பொருளில் புகழ்ந்தபோது அவர் திருத்தியதாகத் தெரியவில்லை!

எமக்கு உரையின் உயிர் வேறிடத்தில் உள்ளது. பெரும்பான்மையின் விருப்பமே நிலைபெறும். ஆயினும் அது நியாயத்துக்கு உட்பட்டிருந்தால்தான் முறையானது. சிறுபான்மைக்கும் சம உரிமை உண்டு. அதை மீறுவது கொடுங்கோன்மை என்கிறார். அவர் குறித்த சிறுபான்மை வாக்கெடுப்பில் தோற்றவர்களே. ஆனால் எண்ணிக்கையில் குறைந்தோர் எவராயினும் இவ்விடத்தில் ஒரு கணம் நின்றே படிப்பர். அது வெறும் சொல்லாகவும் போகவில்லை. அவதூறுச் சட்டம் உரைக்கு முதல்நாள் காலாவதியாயிற்று. அதன்கீழ் தண்டனை பெற்றோரை ஜெஃபர்சன் மன்னித்தார்.

இனி ‘நாம்’ என்னும் சொல். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே. தமிழிலோ கேட்பவரை உட்படுத்தினால் ‘நாம்’, விலக்கினால் ‘நாங்கள்’. எதிர்க்கட்சியினரைத் தழுவுவதால் ஜெஃபர்சனின் சொல்லை ‘நாம்’ என்றே பெயர்க்க வேண்டும். ஆனால் 1800ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் அடிமைகள் இருந்தனர். அவர்களுக்கு வாக்கில்லை; எனினும் அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கைத் தென்மாநிலங்களின் பிரதிநிதித்துவக் கணக்கில் சேர்த்தனர். அக்கணக்கு இல்லையேல் ஆடம்ஸே வென்றிருப்பார் என வரலாற்றாசிரியர் பலர் கணித்துள்ளனர். ஆயிரம் தலைமுறைக்கும் இடம் போதும் என்று நாட்டின் பரப்பை வியக்கும் உரை, தலைவரைத் தேர்ந்தெடுத்த எண்ணிக்கையில் சேர்ந்திருந்த இம்மக்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்கள் செவியில் அது ‘நாங்கள்’ என்றே விழுந்திருக்கும்.